யார் வழி வந்தது?

கெக் லோக் சி ஆலயக் குன்றின் அடிவாரத்தில், ஆயர் ஈத்தாம் சந்தைக்கு அருகே வாழ்கிறது ஒரு தமிழ்க் குடும்பம். அவ்வீட்டின் பத்து வயதுச் சிறுவன் நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறான். அவனுக்கு வந்திருப்பது முதல்வகை நீரிழிவு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே கணையத்தின் இன்சுலின் அணுக்களைப் பகையென்று கருதி அழிப்பதால் நேரும் நோய் அது.

“சோறு வேண்டாமப்பா, சப்பாத்தி தின்றால்தான் சர்க்கரை அடங்கும்” என்றார் பாட்டி. நம் இல்லங்கள் பலவற்றிலும் ஒலிக்கும் அறிவுரைதான். சப்பாத்தியிலும் மாவுச்சத்து உண்டு. அதற்கும் அளந்தே இன்சுலின் இடவேண்டும். அன்பு அளவுகோல் பார்ப்பதில்லையே! மூவேளையும் கோதுமையாயிற்று.

ஓராண்டு சென்றது. சிறுவன் வளரவில்லை, இரத்தம் குன்றியது, காரணமின்றிச் சர்க்கரை தாழ்ந்தது. மருத்துவர் குருதியைச் சோதித்தார்; பின்னர்ச் சிறுகுடலின் திசுவையும் ஆய்ந்தார். சீலியாக் நோய் என்றார். கோதுமை, பார்லி முதலியவற்றிலுள்ள குளுட்டன் என்னும் புரதம் பட்டவுடன், எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே சிதைக்கும் நோய் இது.

அன்று மாலையே வீட்டில் வழக்கு எழுந்தது. “எங்கள் பரம்பரையில் இப்படி ஒரு நோய் கிடையாது” என்றார் பாட்டி. மருமகள் வாய் திறக்கவில்லை, கண்கள் கலங்கின.

இவ்வழக்கிற்கு விடை ஆறாம் நிறப்புரியில் இருக்கிறது. தன்னது எது, அயலது எது என எதிர்ப்பாற்றலுக்குக் காட்டித்தரும் எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதி அங்கேதான் உள்ளது. அதில் டி.கியூ.2, டி.கியூ.8 என்னும் இரு வடிவங்கள் இவ்விரு நோய்களுக்கும் பொதுவானவை. ஆகவேதான், பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவரளவில் காணப்படும் சீலியாக் நோய், முதல்வகை நீரிழிவுடைய சிறாரிடம் அதனினும் பல மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. குழந்தை ஒரு தொகுதியைத் தந்தையிடமும் மற்றொன்றைத் தாயிடமும் பெறுகிறது. ஒருவரிடமிருந்து டி.கியூ.2, மற்றவரிடமிருந்து டி.கியூ.8 எனச் சேரும் குழந்தைக்கே முதல்வகை நீரிழிவின் வாய்ப்பு மிக அதிகம். பழி சுமத்துவதாயின் இரு குடும்பமும் பாதிப்பாதியாகச் சுமக்கவேண்டியதுதான்.

ஆனால் மரபணு மட்டும் நோயாகிவிடுவதில்லை. மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் இந்தியாவில் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வு இதனை அழகாகக் காட்டுகிறது. இவ்வடிவங்களைத் தாங்கியோர் வடக்கில் நூற்றுக்கு 38, தெற்கில் 36, ஏறத்தாழச் சமமே. சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் குருதியில் காணப்பட்டோரோ வடக்கில் நூற்றுக்கு 1.23, தெற்கில் 0.10 மட்டுமே! நாள் ஒன்றுக்கு உண்ட கோதுமை வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். சோற்றுப் பானை தென்னாட்டாரை நெடுங்காலம் காத்து வந்தது போலும்.

அதனால் பாட்டியைக் குற்றம் சொல்வதும் முறையன்று. ரொட்டி சானாயும் மீயும் பிஸ்கட்டும் சிறுவன் முன்பே உண்டவைதாம். நோய் எந்த நாளில் தொடங்கியதென்று எவரால் கூற இயலும்?

இப்போது அடுப்பில் மீண்டும் சோறு கொதிக்கிறது. பெருங்காயத்திலும் சோயா சாற்றிலும் கோதுமை கலந்திருக்கக்கூடும் என்றறிந்த தாய், கடையில் ஒவ்வொரு புட்டியின் எழுத்தையும் ஊன்றிப் படிக்கிறாள். சிறுவனின் தங்கைக்கும் குருதிச் சோதனை செய்யவேண்டும் என்கிறார் மருத்துவர். அதுவரை அவள் கோதுமையை விட்டுவிடலாகாது. விட்டால் சோதனை பொய்த்துப்போகும். ஆகவே, அண்ணன் இட்லி உண்ண, அவளுக்கு மட்டும் பாட்டி சப்பாத்தி சுட்டுக்கொடுக்கிறார், கை நடுங்குகிறது.