சுமப்பது காற்று

ஒரு காரை வாங்குவதற்கு ஆறு மாதம் யோசிக்கின்ற நாம், அதன் சக்கரத்தை மாற்றுவதற்கு அரைமணி நேரங்கூட யோசிப்பதில்லை. வண்டியின் நிறத்தைப் பற்றி வீட்டார் அனைவரும் கூடிப் பேசுகிறோம். இருக்கையின் உறை எப்படி இருக்க வேண்டும் என்பதில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பெரும் வழக்கே நடந்துவிடுகின்றது. டயர் என்று வரும்போது மட்டும், "கடைக்காரர் நல்லதென்று சொன்னார், போட்டுக்கொண்டோம்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு விவகாரம் முடிந்துவிடுகின்றது. ஆனால் ஆயிரக்கணக்கான உறுப்புகளைக் கொண்ட ஒரு வாகனத்தில் நிலத்தைத் தொடுவது சக்கரம் ஒன்றே. அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்று நம் முன்னோர் சொன்னது தேருக்கு மட்டுமன்று.

இந்த ஆராய்ச்சிக்குள் நான் இறங்க நேர்ந்தது என் மகனால். நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய எஸ்.யு.வி. வகை வண்டியொன்று எங்களிடம் உண்டு. காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும், கல்யாண வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் எங்கள் குடும்பத்தைச் சுமந்து செல்வது அதுதான். நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் அதன் டயர்களில் பட்டன் தேய்ந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகன், "எப்படியும் டயர் மாற்றத்தானே வேண்டும் வாப்பா, ரிம்மையும் சேர்த்து மாற்றிப் பதினெட்டு அங்குலம் போட்டுவிடுவோம். வண்டியே வேறு வண்டியாகிவிடும்" என்றான். செலவு தன்னுடையது என்றும் சொன்னான்.

அவன் ஆசையில் பிழையொன்றும் இல்லை. வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஓர் இளைஞன் தன் வண்டி அழகாக இருக்கவேண்டும் என்று விரும்புவது இயல்பே. பெரிய சக்கரம் போட்ட வண்டி நிமிர்ந்து நிற்கின்றது என்பதும் உண்மையே. "வேண்டாம்" என்று ஒரு சொல்லால் நான் தடுத்திருந்தால் அவன் மறுத்துப் பேசியிருக்க மாட்டான். ஆனால் ஏற்றுக்கொண்டும் இருக்க மாட்டான். வளர்ந்த பிள்ளைக்குத் தடை சொல்வதென்றால் காரணத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆகவே, இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம் என்றேன்.

எங்கள் டயரின் பக்கச்சுவரில் 215/60 ஆர் 16 என்று எழுதியிருந்தது. நேயர்கள் தத்தம் வண்டியிலும் இதைப்போன்ற எழுத்துகளைக் காணலாம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கும். அதாவது 129 மில்லிமீட்டர். நம் பழைய அளவில் ஐந்து அங்குலம். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆர் என்ற எழுத்தைப் பலர் ஆரம் என்று எண்ணுகின்றனர். அது ரேடியல் என்னும் டயர் வகையின் முதலெழுத்தேயாகும்.

இந்த ஐந்து அங்குலச் சுவருக்குள் இருப்பது என்ன? வெறுங் காற்று. வண்டியின் சுமையைத் தாங்குவது அந்தக் காற்றுதான். ரப்பர் அதனை அடைத்து வைத்திருக்கும் பை. ஆட்களோடு சேர்ந்து வண்டி ஆயிரத்து அறுநூறு கிலோ என்று கொண்டால் ஒரு சக்கரத்தின் பங்கு நானூறு கிலோ. 33 பவுண்டு காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. கணக்கிட்டால், ஒரு சக்கரம் நிலத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய 170 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு மனிதக் கையளவு. உம்மா, பிள்ளைகள், பெட்டி, படுக்கை எல்லாம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரைவது நான்கு கையகல நிலத்தின்மீதுதான். இதைச் சொன்னபோது மகன் தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

காற்றடைத்த டயரின் வரலாறும் இங்கே நினைக்கத் தக்கது. இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும் அது வழக்கத்துக்கு வரவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்குவதைப் பொறாமல், ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் கட்டினார். 1888-இல் அதற்கு அவர் காப்புரிமை பெற்ற பிறகே உலகம் காற்றின்மேல் ஓடத் தொடங்கியது. ஏறி அமர்ந்த பிள்ளையின் உடம்பு நோகக்கூடாது என்ற எண்ணமே நாம் இன்று காணும் டயரைத் தந்தது.

இனிப் பதினெட்டு அங்குலத்துக்கு வருவோம். கடைக்காரர் இரண்டு அளவுகளைக் காட்டினார். முதலாவது 225/45 ஆர் 18. இதில் சக்கரத்தின் மொத்த உயரம் பழையதிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள்தான் வேறுபடும். ஆனால் பக்கச்சுவர் 101 மில்லிமீட்டராகிவிடும். ஓர் அங்குலத்துக்கும் மேலான காற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை வைக்கிறோம் என்பது இதன் பொருள். இரண்டாவது 225/50 ஆர் 18. இதில் சுவர் சற்றே உயரம். ஆனால் சக்கரத்தின் மொத்த விட்டம் 18 மில்லிமீட்டர் கூடிவிடும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போதோ, பின்னால் மூவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும்போதோ டயர் உட்புறத்தில் உரச இடமுண்டு. ஒரு சுற்றுக்குச் செல்லும் தூரமும் நூற்றுக்கு 2.7 பங்கு கூடுவதால், வேகம் காட்டும் முள்ளும் அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டும்.

சக்கரத்தின் எடையையும் மறக்கலாகாது. பெரிய ரிம் பெரும்பாலும் கனமானது. அந்தக் கனம் மையத்தைவிட்டு விலகி விளிம்பில் நிற்கின்றது. சுழற்றுவதற்கும் நிறுத்துவதற்கும் கூடுதல் சக்தி வேண்டும். எஞ்சினும் பிரேக்கும் பழையனவே. வேலை மட்டும் கூடிவிடும். பெட்ரோல் கணக்கும் அதற்கேற்ப ஏறும்.

கணக்கு கணக்காகவே இருந்தால் மனத்தில் தங்காது. எங்கள் உறவினர் ஒருவரிடம் அதே மாதிரி வண்டி, பதினெட்டு அங்குலச் சக்கரத்தோடு இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, என் உம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்தித் திருச்செந்தூர் வரை போய்வந்தோம். உம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகின்றது. முதுகெலும்புத் தேய்மானத்துக்காக மாதம் ஒருமுறை திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்கிறோம். ஓட்டியவன் என் மகன். நல்ல சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. வளைவில் சாயாமல் உறுதியாக நின்றது. அந்தச் சிறப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஆனால் வேகத்தடைகளும், குழாய் பதித்து மூடாமல் விட்ட குழிகளும் வந்தபோது ஒவ்வோர் அடியும் இருக்கைக்குள் வந்து விழுந்தது. உம்மா குறையொன்றும் சொல்லவில்லை. கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிய கையை மட்டும் வீடு வந்து சேரும்வரை அவர் விடவே இல்லை. கண்ணாடி வழியே அதைப் பார்த்தவன், இறங்கிய பிறகு சாவியை என் கையில் கொடுத்து, "பதினாறே இருக்கட்டும் வாப்பா" என்றான்.

பதினாறு என்று முடிவானாலும் அழகைத் துறக்க வேண்டியதில்லை. அதே விட்டத்தில் அலாய் ரிம் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அப்போது பார்க்கவேண்டியவை சில. ஐந்து போல்ட்டுகளும் அமைந்த வட்டத்தின் விட்டம் வண்டிக்கு இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். பல வண்டிகளில் அது 114.3 மில்லிமீட்டர். ரிம்மின் நடுத் துளை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். வெளிக்கடை ரிம்களில் துளை பெரிதாக இருப்பது வழக்கமாதலால், இடைவெளியை அடைக்கும் வளையம் கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட் என்னும் அளவு குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தி நிற்கும். பார்வைக்கு மிடுக்கு, பேரிங்குக்குச் சுமை. நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா என்பது ரிம்மின் குழிவோடு ஒத்திருக்க வேண்டும்.

ஸ்டீல் ரிம் அடிபட்டால் வளையும். வார்ப்பு அலாய் அடிபட்டால் விரிசல் விடும். அந்த விரிசலுக்கு வெல்டு வைத்து, சாயம் பூசிப் பழைய ரிம்மைப் புதிதுபோல் விற்பவர்களும் உண்டு. விலை மலிவு என்பதற்காக உயிரை அதில் ஏற்ற வேண்டாம்.

டயரைப் பொறுத்தவரை, அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் படிக்க வேண்டும். 95 எச் என்றால் ஒரு டயர் 690 கிலோவைத் தாங்கும். 210 கிலோமீட்டர் வேகம் வரை தகுதியுடையது. 91 என்றிருந்தால் 615 கிலோதான். கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணை ஏற்கலாகாது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. தள்ளுபடி என்று கடைக்காரர் எடுத்து வைக்கும்போது முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். நம் வெயிலில் ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமை அடைகின்றது. பெரிய கட்டைகளைப் போன்ற பட்டன்களுடைய ஏ.டி. டயர் சேற்றுக்கும் தோட்டத்துக்கும் ஏற்றது. தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அது இரைச்சலையும், மழையில் நிறுத்தக் கூடுதல் தூரத்தையுமே தரும்.

சட்டமும் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வாகனத்தை உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகத் திருத்துவதைத் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. அதே மாதிரியின் உயர்ந்த வகைகளுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுகளுக்குள் நிற்பதே பாதுகாப்பு. புது ரிம் பூட்டியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது.

முடிவில் எங்கள் வண்டிக்கு அதே 215/60 ஆர் 16 அளவில் புதிய டயர்கள் நான்கும், மகன் விரும்பிய கருநிற அலாய் ரிம்களும் வந்தன. மிஞ்சிய பணத்தில் ஸ்டெப்னிக்கும் ஒரு புது டயர் போட்டோம். பழுதான நாளில் துணைக்கு வரும் சக்கரம் கிழவனாக இருக்கலாகாது அல்லவா? வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் கண்ணெதிரே செய்வித்தோம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, அதில் கண்டபடியே டயர் சூடேறாத காலைப் பொழுதில் காற்றடிக்கிறோம். டயரின்மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அடிக்கவேண்டிய அளவு அன்று.

புதுச் சக்கரம் வாங்கக் கடைக்குச் செல்லும் அன்பர்கள் விலையையும் விட்டத்தையும் விசாரிக்குமுன், "என் வண்டியின் பின்னிருக்கையில் யார் அமர்ந்து வருகிறார்கள்?" என்று தம்மைத்தாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். வாகனத்தின் அழகைத் தெருவில் நிற்பவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சாலையின் அடியை வாங்குகின்றவரோ நம் வீட்டில்தான் இருக்கிறார்.