காய்ச்சலும் கடதாசி விதியும்

காய்ச்சலோடு வரும் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம் என்று கடதாசியில் எழுதி, அதனை முன்விறாந்தைச் சுவரிலும் ஒட்டி வைத்திருந்தவர்கள் நாம். அந்தக் கடதாசி செய்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2014 ஆம் ஆண்டு ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள எமது வீட்டிலே தங்கையுடன் சேர்ந்து பிள்ளை பார்க்கத் தொடங்கினோம். பெயர்ப்பலகை இல்லை; 'பகற்பராமரிப்பு நிலையம்' என்னும் பெரிய நாமமும் இல்லை. அயலிலே இருந்த ஒரு தாய், தன் பிள்ளையை ஒரு கிழமைக்குப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டாள். கிழமை மாதமாயிற்று, ஒரு பிள்ளை ஏழு பிள்ளைகளாயிற்று. காலை ஆறரைக்கு முதற்பிள்ளை வரும். மாலை ஏழு மணிக்குக் கடைசிப் பிள்ளை போகும். தாய்மாரில் ஒருத்தி புடைவைக் கடையிலே வேலை செய்பவள். ஒருத்தி வங்கியிலே எழுதுவினைஞர். இருவர் ஆடைத் தொழிற்சாலையிலே தையல் இயந்திரத்தின் முன் இருப்பவர்கள். எமக்காவது ஓய்வூதியம் உண்டு. தங்கைக்கு அதுவும் இல்லை. ஆகவே தொண்டு செய்தோம் என்று பெருமை பேச எமக்கு உரிமையில்லை. அவளுக்கு இது பிழைப்பு.

பிள்ளைகள் கூடும் இடத்திலே வருத்தமும் கூடும். ஒரு பிள்ளைக்குத் தடிமன் பிடித்தால் நான்காம் நாள் ஏழு மூக்குகளும் ஒழுகும். ஐந்தாம் நாள் நாம் தும்முவோம். அதனை நாம் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் 2015 ஆம் ஆண்டிலே ஒரு கிழமை, வாந்தியும் வயிற்றோட்டமும் வீடு முழுவதையும் உலுக்கிவிட்டன. தங்கை பாயோடு பாயாகக் கிடந்தாள். மூன்று நாள் கதவைச் சாத்தினோம். அந்த மூன்று நாளும் தாய்மார் எங்கே போவார்கள் என்று அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியதெல்லாம், இனி இப்படி நேரக்கூடாது என்பதையே. முப்பது ஆண்டுகள் பாடசாலையிலே அறிவித்தல் எழுதிப் பழகிய கையல்லவா? எழுதினோம்.

உடற்சூடு 38 பாகைக்கு மேற்பட்டால் பிள்ளையைக் கொண்டுவரக்கூடாது. காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழிந்த பின்னரே வரலாம். வயிற்றோட்டம் நின்று இரண்டு நாள் செல்ல வேண்டும். கொப்புளிப்பான் என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரை வரக்கூடாது. இவை நாம் கற்பனை பண்ணியவையல்ல, வைத்தியர்கள் சொல்பவையே. கடதாசியிலே பிழை இல்லை. அதற்கு அடியிலே சிவப்பு மையினால், 'விதிகளை மீறுவோரின் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டா' என்று ஒரு வரியும் சேர்த்தோம். அந்த வரியை எந்த வைத்தியரும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறு பிள்ளைக்கு ஆண்டொன்றிலே ஆறு முதல் எட்டு முறை தடிமன் பிடிப்பது இயல்பு; பல பிள்ளைகளோடு பழகும் பிள்ளைக்கு இன்னும் சில கூடும். ஒவ்வொன்றும் ஒரு கிழமை இழுக்கும். இவற்றிலே பாதிக்குத்தான் காய்ச்சலும் சேரும் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நாள் தாய் வீட்டில் நிற்க வேண்டும். எமது நாட்டிலே கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 ஆம் ஆண்டு வந்தது. அதன்படி புடைவைக் கடைத் தாய்க்கு ஆண்டிலே அமயலீவு 7 நாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும், மாமியார் இறந்தாலும், பிள்ளைக்குச் சுகமில்லை என்றாலும் எல்லாம் அந்த ஏழுக்குள்ளேதான். பிள்ளையின் வருத்தத்துக்கென்று தனியாக ஒரு நாளைத்தானும் அச்சட்டம் ஒதுக்கவில்லை. தையற்பெண்ணின் நிலை இதனிலும் கீழ். அவள் ஒரு நாள் வராவிட்டால் அந்நாட் சம்பளத்தோடு மாதத்தின் வருகைக் கொடுப்பனவும் போய்விடும். எமது விதியோ ஒரே மாதத்தில் நான்கு நாளைக் கேட்டது.

இதன் பலன் யாதாயிற்று? தாய்மார் விதியைக் கைக்கொண்டார்கள். காலையிலே வெப்பமானியை வைத்தால் எல்லாப் பிள்ளைகளும் சுகமாகவே இருந்தன. பத்தரை பதினொரு மணியளவிலே ஒரு பிள்ளை மெல்ல வாடத் தொடங்கும், கன்னம் சிவக்கும், தொட்டால் கொதிக்கும். பனடோல் பாணியின் வலு நான்கு மணி முதல் ஆறு மணி நேரம் வரையே. அதிகாலை ஐந்தரைக்குக் கொடுத்தது பதினொரு மணிக்கு இறங்கிவிடும். இதனை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை; சுவர் மணிக்கூட்டைப் பார்த்தே அறிந்தோம். சட்டைக் கழுத்திலே பாணியின் கறையைக் கண்டும் இருக்கிறோம். தாயைக் கூப்பிடலாம் என்றால், தொழிற்சாலையிலே கைத்தொலைபேசியை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். நாம் கோபப்பட்டோம். பொய்காரிகள் என்று தங்கையிடம் சொன்னோம். சிவப்பு மை வரியின் கீழே இன்னொரு கோடும் இழுத்தோம்.

பிறகு 2017 வந்தது. அவ்வாண்டு இந்நாடு அதுவரை காணாத அளவுக்கு டெங்கு பரவிற்று. நாடெங்கும் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். கொழும்பிலே ஆஸ்பத்திரிக் கட்டில்கள் போதாமல் போயின.

எம்மிடம் வந்த ஒரு சிறுமிக்கு நான்கு வயது. தாய் மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து தைப்பவள். அந்தக் கிழமை திங்கட்கிழமை பகல் சிறுமிக்குக் காய்ச்சல் ஏறியதைக் கண்டோம். மாலையில் தாயிடம் ஒப்படைத்து, விதியையும் நினைவூட்டினோம். செவ்வாய் அவர்கள் வரவில்லை. புதன் காலை வந்தார்கள். செவ்வாய் விடியலோடு காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள் தாய். வெப்பமானியும் அதையே சொல்லிற்று. ஒரு முழு நாளும் கழிந்துவிட்டது. விதி நிறைவேறியது, பிள்ளையை ஏற்றுக்கொண்டோம்.

தங்கைதான் முதலில் கவனித்தாள். பிள்ளை மூலையிலே சுருண்டு கிடந்தாள். வயிறு நோகிறது என்றாள். கைகால் குளிர்ந்திருந்தன. காலையிலிருந்து சிறுநீரும் கழிக்கவில்லை. டெங்குவின் வஞ்சகம் இதுதான்: காய்ச்சல் கொதிக்கும் நாட்களில் அல்ல, காய்ச்சல் தணியும் வேளையிலேதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பாகம் கசியும்; பிள்ளை தேறிவிட்டது என்று பெற்றோர் மூச்சுவிடும் அந்த ஓரிரு நாளிலேதான் உயிர் ஊசலாடும். எமது கடதாசியோ அந்த நாளையே 'சுகமான நாள்' என்று குறித்து வைத்திருந்தது.

முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, இன்றைக்குக் காய்ச்சலின் எத்தனையாம் நாள் என்பது. திங்கள், செவ்வாய், புதன். மூன்றாம் நாள் என்றோம், தயக்கமின்றி. அவர் எழுதிக்கொண்டார். அரை மணி நேரத்தின் பின் தாய் ஓடி வந்தாள். எம்மைப் பாராமல் வைத்தியரிடமே சொன்னாள்:

"சனிக்கிழம பின்னேரம் ஆரம்பிச்சது சேர். திங்கக்கிழம காலையில பாணி குடுத்துத்தான் கூட்டியாந்தேன்."

அப்படியாயின் அது ஐந்தாம் நாள். எழுதியதை வெட்டி வைத்தியர் வேறாக எழுதினார். சனிக்கிழமை தொடங்கியது என்று திங்கட்கிழமையே எமக்குத் தெரிந்திருந்தால், மூன்றாம் நாளாயிற்று, குருதிப் பரிசோதனை செய்யுங்கள் என்று நாமே சொல்லியிருப்போம். அவ்வாண்டு எல்லாச் சுவர்களிலும் அந்த அறிவுரை எழுதப்பட்டிருந்தது.

விறாந்தை வாங்கிலே இருவரும் இருந்தபோது கேட்டோம்.

"ஏன் பிள்ளை, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க எடுக்க மாட்டீங்களே டீச்சர். ஒங்க பேப்பர்ல அப்படித்தானே எழுதியிருக்கு."

அதிலே குற்றச்சாட்டு இருக்கவில்லை. மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். பிறகு, தான் வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பற்றிச் சொன்னாள். ஆயா ஒருத்தி, வரிசையாகத் தொங்கும் ஏணைகள், தாய் கொழுந்து பறிக்கப் போக வேண்டும், ஆகவே சுகமில்லாத பிள்ளையும் அங்கேதான் கிடக்கும். அதனை அவள் நல்ல இடமென்று சொல்லவில்லை. "ஆனா ஆயாக்கிட்ட பொய் சொல்லத் தேவையில்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

சிறுமி ஆறு நாள் கிடந்தாள். அளந்து அளந்து நீர் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். தாயின் அந்த மாத வருகைக் கொடுப்பனவு போயிற்று.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அடுத்த கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எமது வீட்டைப் பார்வையிட வந்தார். பூச்சாடிகளைப் பார்த்தார், பீலியைப் பார்த்தார், கடைசியிலே குளிரூட்டிப் பெட்டியின் பின்புறத் தட்டை இழுத்தார். தேங்கிய நீரிலே நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. டெங்கு பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதில்லை. பகலிலே கடிக்கும் நுளம்பே காவுகிறது. அச் சிறுமி பகலெல்லாம் இருந்தது எம்மிடத்திலே. எந்த நுளம்பு கடித்தது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆயினும் பிள்ளைகள் வருத்தத்தை உள்ளே கொண்டுவரக்கூடாது என்று முன்விறாந்தையில் எழுதி ஒட்டிய நாம், குசினியிலே அதனை வளர்த்துக்கொண்டிருந்தோம். அன்றிரவு தங்கை கடதாசியைக் கிழித்தாள். நாம் தடுக்கவில்லை.

விதியே வேண்டாமென்று விட்டுவிடவில்லை. வயிற்றோட்டத்துக்கும் கொப்புளிப்பானுக்கும் சின்னமுத்துக்கும் இன்றும் கதவு அடைத்தே இருக்கிறது. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவற்றோடு விளையாட முடியாது. 2019 இலே சின்னமுத்து ஒழிந்த நாடென்று பெயர் வாங்கிய இலங்கையில் 2023 இலே அது மீண்டும் தலைகாட்டியபோது, எல்லாப் பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகளையும் வாங்கித் தடுப்பூசிப் பக்கத்தைப் பார்த்தோம். முதல் ஊசி ஒன்பதாம் மாதத்திலே. எம்மிடம் எட்டு மாதக் குழந்தையொன்று இருந்தது. அதனை ஒரு மாதம் வேறாக வைத்துப் பார்த்தோம்.

மாறியது சாதாரணக் காய்ச்சலைப் பற்றிய விதி. தடிமன் மூக்கு ஒழுகுவதற்கு முன்னரே தொற்றத் தொடங்கிவிடுகிறது. திருப்பி அனுப்புவதால் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் காப்பு நாம் நினைத்த அளவில்லை. எமது தந்தையாரின் அலுமாரி இருந்த சிறிய அறையை ஒழித்து, ஒரு கட்டிலும் நுளம்பு வலையும் போட்டோம். காய்ச்சற்காரப் பிள்ளை அங்கே இருக்கும். தங்கை பக்கத்தில் இருப்பாள். வாசலிலே மூன்று கேள்விகள் கேட்கிறோம்: காய்ச்சல் எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது? கடைசியாகப் பாணி எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தது? சிறுநீர் எப்போது போனது? உண்மை சொன்ன தாயின் பிள்ளையைக் காய்ச்சலுக்காகத் திருப்புவதில்லை. மூன்றாம் நாளாகியும் குருதி பார்க்கவில்லை என்றால் மாத்திரம், பார்த்துவிட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். காய்ச்சல் விட்ட பிள்ளையை இப்போது முன்னிலும் கூர்ந்து பார்க்கிறோம்.

இதனை எல்லோரும் ஏற்றார்கள் என்று எண்ண வேண்டாம். வங்கித் தாய் அப்போது வயிற்றிலே இரண்டாவது பிள்ளையோடு இருந்தார். "என்ரை மகனுக்கு வருத்தம் தொத்தினால், அதை அவன் எனக்குக் கொண்டந்தால், ஆர் ரீச்சர் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எம்மிடம் விடை இருக்கவில்லை. மாத முடிவிலே அவர் பையனை வேறிடத்துக்குக் கொண்டு போனார். தங்கையின் வருவாயிலே ஏழிலொரு பங்கு குறைந்தது. அவர் மீது எமக்கு மனத்தாங்கல் இல்லை. விலகிப் போக அவருக்கு வசதி இருந்தது, மற்றவளுக்கு இருக்கவில்லை.

இந்தக் கேள்வியை ஒரு வீட்டு விறாந்தையிலே தீர்க்க முடியுமா என்பதே எமது ஐயம். சுவீடன் நாட்டிலே 1974 ஆம் ஆண்டு முதல், நோயுற்ற பிள்ளையோடு வீட்டில் நிற்கும் தாய்க்கோ தந்தைக்கோ சமூகக் காப்புறுதியிலிருந்து பணம் வருகிறது. இன்று ஒரு பிள்ளைக்கு ஆண்டில் 120 நாள் வரை, சம்பளத்தின் ஏறக்குறைய எண்பது வீதம். தந்தைக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். எமது சிறிய அறைக்குப் பிள்ளையை அழைத்துப் போகத் தந்தையொருவர் லீவு போட்டு வந்ததை இத்தனை ஆண்டுகளில் இரண்டு முறை கண்டிருக்கிறோம். அவ்விருவரும் அன்று வேலையற்று இருந்தவர்கள். சுவீடன் செல்வந்த நாடு என்பார்கள். உண்மைதான். ஆனால் எமது நாட்டிலும் அந்த நாட்களுக்கான விலையை ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் தையல் இயந்திரத்தின் முன் இருக்கிறார். சில வேளைகளில் நான்கு வயதினராகவும் இருக்கிறார்.

அச் சிறுமி இப்போது பெரிய பாடசாலைக்குப் போகிறாள். தாய் இன்னும் தைக்கிறாள். அவளுடைய இரண்டாவது பையன் எம்மிடம் வருகிறான். சென்ற கிழமை காலை, படியேறு முன்னரே, செருப்பையும் கழற்றாமல் நின்று சொன்னாள்:

"டீச்சர், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சிருச்சு. அஞ்சரைக்குப் பாணி குடுத்தேன், அஞ்சு மில்லி. ஒண்ணுக்கு இப்பதான் போனான்."

தங்கை கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்துவிட்டுப் பையனை வாங்கிக்கொண்டாள். பஸ் வந்துவிடும் என்று தாய் ஓடினாள்.