பர்ஸக் என்னும் இசைத்தட்டு

'பர்ஸக்' என்னும் அரபுச் சொல்லுக்குத் திரை என்றும் தடுப்பு என்றும் பொருள் கூறுவர். திருமறையில் மூன்று இடங்களில் அச்சொல் வருகிறது. அல்-முஃமினூன் அத்தியாயத்தில் அது இறப்புக்கும் எழுப்பப்படும் நாளுக்கும் இடைப்பட்ட நிலையைக் குறிக்கிறது. அல்-ஃபுர்கான், அர்-ரஹ்மான் அத்தியாயங்களிலோ, இரு கடல்களுக்கு நடுவே நின்று அவற்றை எல்லை மீறாது காக்கும் தடுப்பைக் குறிக்கிறது. இச்சொல்லையே தலைப்பாகத் தாங்கி 1991ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதனைப் படைத்தவர் 1957இல் தூனிஸ் நகரில் பிறந்த அன்வர் பிராஹிம்.

இதனை வெளியிட்டது ஜெர்மனியின் மூனிக் நகரிலுள்ள ஈ.சி.எம். நிறுவனம். டபுள் பாஸ் வாசிப்பவராயிருந்த மான்ஃபிரெட் ஐஷர் 1969இல் தொடங்கிய இந்நிறுவனம், பெருங்குழுமங்களுக்கு உடைமையாகாமல் தனித்தே நடந்துவருவது. ஆரவாரம் அதன் இயல்பன்று. ஒரு நரம்பை மீட்டினால் அவ்வொலி தேய்ந்து மறையும் வரை காத்திருப்பதே அதன் பதிவுமுறை. கடலும் மூடுபனியும் ஆளற்ற பாதையும் அதன் உறைகளில் அடிக்கடி காணப்படும் காட்சிகள்.

அன்வர் பிராஹிம் கையாளுவது 'ஊத்'. பெயரைக் கேட்டு ஊதும் கருவியென எண்ணிவிடலாகாது, மீட்டும் கருவி. மரம் என்பதே அச்சொல்லின் பொருள். நம் இல்லங்களில் மணக்கும் அகிற்கட்டைக்கும் அரபியில் அதே பெயர்தான். வீணையில் உள்ளதுபோல் மெட்டுகள் இதில் இல்லை. ஆகவே ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு விரல் வழுக்கிச் செல்கிறது. 'பர்ஸக்' தட்டில் ஊத்துக்குத் துணையாக ஒரு வயலினும் தாளக் கருவிகளும் மட்டுமே உண்டு. மூன்றும் ஒருங்கே ஒலிக்கும் இடங்களைவிட, ஊத் தனித்து நின்று, நின்று நின்று பேசும் இடங்களே நெஞ்சைத் தொடுகின்றன.

இத்தட்டு நம் இல்லத்துக்கு வந்த அன்று, பெரியம்மா பெயரைக் கேட்டார்கள். சொன்னோம். முகம் மாறிற்று. "மவுத்தானவங்க இருக்கிற இடத்தின் பேரை மேளதாளத்துக்கு வைப்பாங்களா, வாப்பா?" என்றார்கள். அதற்கு முந்திய ஆண்டில்தான் பெரியப்பாவை அடக்கம் செய்திருந்தோம். ஆகவே அது வெறும் மார்க்கக் கேள்வியாக மட்டும் நம் செவியில் விழவில்லை. இரு கடல்களின் தடுப்பையும் அச்சொல் குறிக்கும் என்று எடுத்துரைத்தோம். "அது சரி, ஆனா கேக்கிறவங்களுக்கு எது முதல்ல நினைவு வரும்?" என்றார்கள். நாம் மறுமொழி கூறவில்லை. அவர்கள் வீட்டிலிருக்கும் வேளைகளில் அத்தட்டை ஒலிக்கச் செய்வதுமில்லை.

இசை ஆகுமா, ஆகாதா என்பது நம் அறிஞர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் கருத்து வேறுபாடு. தீர்ப்பு வழங்க நாம் தகுதியுடையோம் அல்லோம். எனினும் இமாம் கஸ்ஸாலி அவர்கள் 'இஹ்யா'வில் இதற்கென்றே ஒரு பகுதி வகுத்து, இசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புகுத்துவதில்லை, இருப்பதையே கிளறிவிடுகிறது என்ற கருத்தில் ஆராய்ந்திருப்பதை இங்கே நினைவுகூர்கிறோம். துயர இசைத்தட்டுகளை எடைபோட இதைவிடச் சிறந்த அளவுகோல் நமக்குக் கிட்டவில்லை.

அவ்வளவுகோலால் மற்ற இரண்டையும் பார்ப்போம். 1998இல் வந்த 'திமார்' – கனிகள் என்று பொருள் – ஜான் சர்மன், டேவ் ஹாலண்ட் ஆகிய ஆங்கிலேயர் இருவருடன் இசைத்தது. முரசோ தாளமோ இல்லை. இரு மரபுகள் அருகருகே ஓடியும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. பர்ஸக் என்ற பெயர், கடலைக் குறிக்கும் பொருளில், இதற்கே மிகப் பொருந்தும் எனலாம். ஆயினும் அழகு மிகுந்து, கேட்போரைத் தாலாட்டி உறங்கச் செய்யும் பகுதிகளும் இதில் உண்டு.

2025இல் வந்த 'கடைசி வானத்துக்குப் பின்' அத்தகையதன்று. ஃபலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் சொல்லிலிருந்து பெற்ற தலைப்பு அது. காஸாவின் துயரம் நெஞ்சில் கனக்க உருவான அத்தட்டில் ஊத்துடன் செல்லோவும் பியானோவும் டபுள் பாஸும் சேர்கின்றன. யாஃபாவின் ஆரஞ்சுகளும் ஒலிவ மரமும் தலைப்புகளில் மட்டுமே வருகின்றன. பாடும் குரல் எங்குமில்லை. தலைப்பை அறியாதவர் இதனை மாலைப்பொழுதுக்கு இனிய இசையென்று கேட்டுக் கடந்துவிடக்கூடும். இதுவே இதன் குறை. ஆனால் அறிந்து கேட்பவருக்கு, செல்லோவின் தாழ்ந்த ஒலி ஜனாஸாவின் பின்னே பேச்சின்றி நடப்போரை நினைவூட்டும்.

துயரத்தை அழகாக்கிச் சுவைப்பது எளிது. அத்துடன் கடமை தீர்ந்ததென்று எண்ணுவது அதனினும் எளிது. இவ்விசை துஆவுக்கு ஈடாகாது, உதவிக்கும் ஈடாகாது. கேட்டு முடித்தபின் கை துஆவுக்கு உயர்கிறதா, இல்லாதோர்க்கு ஈய நீள்கிறதா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். பெரியம்மாவின் கேள்வியும் ஏறத்தாழ அதுவே என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.