ஆடும் புலியும் அசெம்பிளரும்

"கிராஸ் அசெம்பிளரா? அது என்ன, கிராஸ் ஸ்டிச் மாதிரி ஏதாவது புதுத் தையலா?" என்று என் நாத்தனார் கேட்டாள். தையல் இல்லைதான். ஆனால் அவளுக்குத் தையலை வைத்தே விளங்க வைத்துவிட்டேன். ரவிக்கையை உடம்பிலே வைத்துக்கொண்டா தைக்கிறோம்? அளவைக் கொடுத்துவிடுகிறோம். தையல்காரர் தம் கடையில், தம் மிஷினில் தைத்து அனுப்புகிறார். அதே மாதிரி, பழைய சின்னக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய புரோகிராமை இன்றைய பெரிய கம்ப்யூட்டரில் எழுதி, பழையதின் அளவுக்கு எண்களாக்கி அனுப்பும் தையல்காரர்தான் கிராஸ் அசெம்பிளர். தையல்காரர்கள் பல பேர் இருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்பதில்தான் எனக்கும் என் தம்பிக்கும் மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது.

நாங்கள் இங்கிலாந்தில் குடியிருப்பவர்கள். எங்கள் வீட்டில் பி.பி.ஸி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்ட இயந்திரம் அது. ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக் கொடுக்க பி.பி.ஸி. டெலிவிஷன் 1982-ல் நடத்திய நிகழ்ச்சிக்குத் துணையாக வந்தது. 1983-ல் அப்பா 399 பவுன் கொடுத்து வாங்கினார். (இந்த ஊர்ப் பணத்தைச் சொல்கிறேன், நகைப் பவுன் என்று எண்ணிப் பெருமூச்சு விடாதீர்கள்.) நம் நாட்டிலும் 1984-85-ல் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் 'கிளாஸ்' திட்டம் வந்தபோது இதைத்தான் கொடுத்தார்கள். உங்களில் சிலர் அந்தச் சிவப்புப் பொத்தான்களைத் தொட்டிருக்கக் கூடும்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்து நாலு வயசு. காலையில் காப்பி சாப்பிட்டதைப் பத்து மணிக்கு மறந்துவிடுவார். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோவில் மண்டபத்தில், தரைக் கல்லில் செதுக்கியிருந்த ஆடு புலிக் கட்டத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டுவார். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று முனை. அவருக்கு எதிராளியாக இருந்தவள் அம்மா. அவள் போய் இரண்டு வருஷமாகிறது. நானும் என் கணவரும் மாறி மாறி உட்காருகிறோம். நாங்கள் விட்டுக்கொடுத்துத் தோற்பதை அவர் உடனே கண்டுபிடித்துவிடுகிறார். அதில் அவருக்கு வருகிற கோபம் சொல்லி முடியாது. கைபேசியில் இந்த ஆட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கை நடுங்குகிறவருக்குக் கண்ணாடித் திரை வழுக்குகிறது; அவர் தொடுவது ஒன்று, அது கேட்பது ஒன்று. நாற்பது வருஷமாக விரலுக்குப் பழகிய தட்டுப்பலகைதான் அவருக்கு ஸௌகரியம். "இதிலே புலி ஆட வராதா, அம்மா?" என்று அவரே ஒரு நாள் கேட்டார்.

இதில் ஒரு சிக்கல். குளிர்காலத்தில் அப்பா என்னிடம் இருப்பார். வேனிற்காலத்தில் ஜெர்மனியில் தம்பியிடம் போய்விடுவார். தம்பி வைத்திருப்பது கமடோர் 64, 1982-ல் வந்தது. ஆகையால் ஒரே ஆட்டம் இரண்டு இயந்திரத்திலும் நடக்க வேண்டும்.

நல்ல வேளை, இரண்டும் ஒரு குடும்பம். என்னுடையதன் மூளை 6502 என்ற சில்லு. அவனுடையது 6510, அதன் தங்கை. இரண்டுக்கும் தெரிந்த வார்த்தைகள் அதே ஐம்பத்தாறு. ஆனால் வீட்டு வழக்கம் வேறே. 'ஏ' என்ற எழுத்தைத் திரையில் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் இயந்திரத்துக்கு 169, 65, 32, 238, 255 என்று ஐந்து எண்கள். அவனுடையதற்கு 169, 65, 32, 210, 255. 65 என்பதுதான் 'ஏ'. கடைசி இரண்டு எண்களும் எழுத்துப் போடுகிற ஆசாமியின் விலாசம்: என் வீட்டில் அவர் 65518-ல் குடியிருக்கிறார், தம்பி வீட்டில் 65490-ல். புலி யோசிப்பது இரண்டு வீட்டிலும் ஒன்றே. படம் போடுவது மட்டும் தனித்தனி. இந்த உண்மை எங்களுக்கு வழிகாட்டியது.

பி.பி.ஸி. மைக்ரோவுக்குள்ளேயே ஓர் அசெம்பிளர் உண்டு. ஸோபி வில்ஸன் என்ற மாதரசி அதன் பேஸிக் பாஷையை எழுதியபோது கூடவே வைத்துவிட்டார். (இந்தக் கலையில் பெண்கள் கை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1947-லேயே லண்டன் பர்க்பெக் கல்லூரியின் இயந்திரத்துக்காக இப்படிச் சுருக்க வார்த்தைகள் வகுத்தவர் காத்லீன் பூத்.) பின்னே எதற்கு வெளித் தையல்காரர்? இடம் போதாது, அதுதான் காரணம். மொத்தம் 32 கே, அதாவது 32,768 எழுத்துக்கு இடம். நாலு வர்ணத்தில் நுணுக்கமாகக் கட்டம் போட்டால் திரைக்கே 20 கே போய்விடும். டிஸ்க் வைத்திருந்தால் முதல் 6,400 இடமும் நமக்கில்லை. மிச்சம் 5,888. இந்த ஒற்றை அறையில் நாம் எழுதுகிற வாசகமும் இருக்க வேண்டும், அது பெற்றெடுக்கும் எண்களும் இருக்க வேண்டும், முனைகளின் பட்டியலும் இருக்க வேண்டும். உபாயங்கள் உண்டு, அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள், பிரமாதமாகவும் எழுதினார்கள். ஆனால் அவர்களுக்கு வயசு இருபது, எனக்கு ஐம்பத்தேழு. வெளியே எழுதினால் வாசகம் வெளியிலேயே நின்றுவிடுகிறது. அந்த 5,888-ம் ஆட்டத்துக்கே.

பேஸிக்கிலேயே எழுதிவிடலாமே என்றார் என் கணவர். எழுதலாம். புலி யோசிப்பதற்குள் காப்பி ஆறிவிடும்.

நான் முதலில் ஆசைப்பட்டது பீப்அஸம் என்பதன் மேல். பி.பி.ஸி. மைக்ரோவுக்கென்றே செய்தது, எழுதும் விதம் பழைய பேஸிக் அசெம்பிளரை ஒட்டியே இருக்கும். அதைவிடப் பெரிய சுகம், கடைசியில் டிஸ்கின் பிரதியையே செய்து கையில் கொடுத்துவிடும். அதைத் தபால் தலை அளவுள்ள எஸ்.டி. கார்டில் போட்டு இயந்திரத்தில் செருகினால் வேலை முடிந்தது. என் இயந்திரம் மட்டும் என்றிருந்தால் வேறு ஒன்றைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். உங்களிடமும் அது ஒன்றுதான் இருக்கிறதென்றால் நீங்களும் பார்க்க வேண்டாம்.

தம்பி, "கிக் அசெம்பிளர்தான் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு எடு" என்றான். கமடோர்க்காரர்களின் செல்லம் அது. அதற்குள்ளேயே ஒரு குட்டிப் பாஷை இருக்கிறது. அட்டவணைகளைக் கணக்குப் போட்டு அதுவே நிரப்பித் தரும். அது ஓட ஜாவா வேண்டும். தம்பிக்கு அது பொருட்டில்லை. எனக்கு வீட்டில் இன்னொரு விருந்தாளியைத் தங்க வைக்கிற மாதிரி இருந்தது.

மூன்றாவது ஸி.ஏ.65. இது கெட்டிக்காரர்களின் கருவி. துண்டு துண்டாக எழுதியவற்றை, எது எந்த அறையில் இருக்க வேண்டும் என்ற வீட்டுப் பிளானைப் பார்த்து அதன் கூட்டாளி ஒன்று சேர்த்து வைக்கும். இரண்டு இயந்திரத்துக்கு இரண்டு பிளான் போதும். பெரிய வேலைக்கு இதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். எங்களுடையது இருபத்து மூன்று முனை. மாமியாரும் மருமகளும் மட்டும் இருக்கிற வீட்டுக்குக் கல்யாண அண்டா எதற்கு?

நாங்கள் பிடித்தது ஆக்மி. 1998-லிருந்து இருக்கிறது, உருவத்தில் சின்னது. '6502-க்கு எண்களைக் கொடு' என்றால் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். கமடோருக்கு முன்னால் இரண்டு எண்ணில் விலாசம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்கும். எனக்கு வெறும் எண்கள் போதும் என்றால் அப்படியே கொடுக்கும். கூப்பிடும்போதே 'இது அக்கா வீடு', 'இது தம்பி வீடு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஒரே வாசகத்தில் அந்தந்த வீட்டுப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். டிஸ்கில் ஏற்றுவதை நானே தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பீப்அஸத்தை நினைத்தால் அப்போது கொஞ்சம் ஏக்கமாக இருக்கும்.

அதன் ஒரு பழக்கம் வேடிக்கை. புலிக்குச் சொல்லும் வார்த்தைகள் எல்லா அசெம்பிளருக்கும் ஒன்று. ஆனால் தையல்காரரிடம் நேரே சொல்லும் உத்தரவுகள் ஆளுக்கு ஒரு விதம். ஆக்மியில் ஒவ்வோர் உத்தரவும் ஆச்சரியக்குறியோடு ஆரம்பிக்கும். பக்கத்தைப் பார்த்தால் தொடர்கதையின் கடைசிப் பாரா மாதிரி இருக்கிறது! இது சின்ன விஷயமில்லை. எங்கள் வாசகத்தில் பாதிக்கு மேல் பட்டியல்தான்: எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு வழி என்று. அத்தனையும் அந்த உத்தரவுகளில் எழுதினது. நடுவில் வேறு அசெம்பிளருக்குத் தாவினால் அவ்வளவையும் மாற்றி எழுத வேண்டும். அதனால்தான் ஆட்டத்தில் ஒரு வரி எழுதுவதற்கு முன் நாலையும் கூப்பிட்டு, அந்த ஐந்து எண்களை மட்டும் செய்யச் சொன்னோம். நாலும் ஒரே மாதிரி கொடுத்தன, கொடுக்காமல் என்ன? பார்க்க வேண்டியது எண்களை அல்ல. வேண்டுமென்றே ஒரு வார்த்தையைச் சிதைத்துக் கொடுத்து, எந்த வரியில் என்ன குறை என்று எது நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறது என்று பாருங்கள். மாலை முழுதும் நாம் கேட்கப் போவது அந்தக் குரலைத்தான்.

தம்பியும் கடைசியில் இணங்கினான். அவனை இணக்கியது நான் அல்ல, அப்பாதான். வாசகத்தையும், பக்கத்தில் அது எந்த எண்களானது என்பதையும், வரிக்கு வரி காட்டும் அறிக்கை ஒன்றை ஆக்மியிடம் கேட்டு வாங்கலாம். அதைக் காகிதத்தில் அச்சடித்து அப்பா முன்னால் வைத்தேன். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழாவது முனையிலிருந்து எட்டுக்கு வழி இருந்தால் எட்டிலிருந்து ஏழுக்கும் இருக்கிறதா என்று பென்ஸிலால் டிக் போட்டுக்கொண்டே போனார். டாக்டர் கொடுத்த ஞாபகப் பயிற்சிப் புஸ்தகத்தை ஐந்து நிமிஷம் தொடாதவர், அன்று இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. காமிராவில் இதைப் பார்த்த தம்பி, "சரி அக்கா, ஆக்மியே இருக்கட்டும்" என்றான். இப்போது தினம் ஓர் அறிக்கை கேட்கிறார்.

பீப்எம், வைஸ் என்று இரண்டு போலி இயந்திரங்கள் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. முதலில் அவற்றில் ஆட்டத்தைச் சோதித்துவிட்டு, அப்புறந்தான் நிஜ இயந்திரத்தைத் தூண்டுகிறோம். நாற்பது வருஷத்துக் கிழவியைப் பொழுதெல்லாம் எழுப்பக்கூடாது அல்லவா? அதன் மின்பெட்டியிலுள்ள பழைய கண்டென்ஸர்களை மாற்றின பிறகுதான் அப்பாவை அதன் முன்னால் உட்கார விட்டேன்.

கட்டம் போடுவதும் ஆடுகளை வைப்பதும் என் பங்கு, முடிந்துவிட்டது. புலி ஆட்டைத் தாண்டி வெட்டுவது தம்பி பங்கு. மாதக் கடைசியில் அப்பா அவனிடம் புறப்படுகிறார். அதற்குள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். இப்போதைக்குப் புலிக்கு நகர மட்டுந்தான் தெரியும். பக்கத்தில் ஆடு நின்றால் மரியாதையாக ஒதுங்கிப் போகிறது. நேற்று அப்பா பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னம்மா இது, சைவப் புலியா?" என்று கேட்டார்.