தாம்பரம் பாஸும் ஒரு பழைய கேமராவும்!

தாம்பரத்திலிருந்து வண்டலூர் போற வழியில, காலையில ஜி.எஸ்.டி. ரோட்டுல வரிசை கட்டி நிக்கிற காலேஜ் பஸ்களைக் கவனிச்சிருக்கீங்களா? எந்த பஸ்ல ஏறினாலும், மடியில கறுப்புப் பையைக் குழந்தை மாதிரி வெச்சுக்கிட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். சிம்போசியமா, கூப்பிடு அவரை. கல்ச்சுரல்ஸா, கூப்பிடு அவரை. ஃபேர்வெல் டேன்னா கேட்கவே வேணாம்! கிளாஸ்ல கடைசி பெஞ்ச், ஆடிட்டோரியத்துல முதல் வரிசை. அடுத்த வருஷம் அந்தப் பை உங்க மடியில இருக்கணும்னு ஆசை வந்தாச்சா? வாங்க, பேசலாம்.

முதல்ல காசு. நம்மில் பெரும்பாலானவங்க கேமரா வாங்கறது நம்ம காசுல இல்ல. அப்பா எடுத்த சீட்டுப் பணம், அக்காவோட போனஸ், பாட்டி முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது... இப்படித்தான் சேருது. அதனால, ‘லேட்டஸ்ட் மாடல் எது?’ன்னு ஆரம்பிக்காதீங்க. ‘எதுக்கு எனக்கு?’ன்னு ஆரம்பிங்க. ரீல்ஸ் போடத்தான்னா இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிட்டு, கையில இருக்கிற செல்போனைத் துடைச்சு வெச்சுக்கோங்க. அது போதும், நிஜமாவே போதும். இல்ல பாஸ், வெளிச்சம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நானே படம் எடுக்கணும்கறவங்க மட்டும் மேல வாங்க.

டி.எஸ்.எல்.ஆருக்கு உள்ளே ஒரு கண்ணாடி இருக்கு. லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை அது மேலே திருப்பி உங்க கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினா கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறக்கும், சென்சார்ல படம் பதியும். அந்த ‘க்ளக்’ சத்தத்துல பாதி கண்ணாடியோட சத்தம்தான். 2003-ல கேனான் 300டி 1,000 டாலருக்குக் கீழே வந்தப்பதான் இது சாதாரண ஆள் கைக்கு எட்ட ஆரம்பிச்சது. அதுல இருந்தது வெறும் 6.3 மெகாபிக்சல்! இப்ப கதை தலைகீழ். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்து, கேனானும் நிக்கானும் முழுசா அந்தப் பக்கம் போயாச்சு. 2020-க்குப் பிறகு ரெண்டு கம்பெனியும் புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதுவும் கொண்டு வரல.

‘அப்ப செத்துப்போன குதிரையை ஏன் வாங்கணும்?’னு கேட்பீங்க. அதனாலதான் வாங்கணும்! கல்யாணத்துக்கு கேண்டிட் எடுக்கிற அண்ணன்கள் எல்லாம் மிரர்லெஸுக்கு மாறிக்கிட்டு இருக்காங்க. அவங்க கையில இருந்த பழைய பாடி பாதி விலைக்கும் கீழே வெளியே வருது. வெளிச்சமோ கேமரா மாடலைப் பார்த்து மாறப்போறது இல்ல. நான் வாங்கினது 2014-ல வந்த நிக்கான் டி3300. குரோம்பேட்டையில ஒரு அண்ணன்கிட்ட செகண்ட் ஹேண்டா எடுத்தேன். 24 மெகாபிக்சல். நம்ம காலேஜ் மேகஸின் அட்டைக்கு அதுல பாதியே தாராளம்.

செகண்ட் ஹேண்ட்னா பயமா இருக்கும். பயப்படுங்க, தப்பே இல்ல. ஆனா பயத்தோட ஒரு டார்ச்சும் லேப்டாப்பும் எடுத்துக்கிட்டுப் பகல் வெளிச்சத்துல போங்க. லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடிச்சு, மறுபக்கம் இருந்து பாருங்க. உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா அது ஃபங்கஸ். சென்னை ஈரக்காத்துல, பீரோவுக்குள்ளே மாசக்கணக்கா தூங்கின லென்ஸுக்கு வர்ற வியாதி. ‘துடைச்சா போயிடும் தம்பி’ன்னு சொன்னா, ‘சரிண்ணே, துடைச்சுட்டுக் கூப்பிடுங்க’ன்னு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அடுத்து, எஃப் 16-ல வச்சு, ஃபோகஸை வேணும்னே கலைச்சுட்டு வெறும் வானத்தை ஒரு படம் எடுங்க. பெரிசாக்கிப் பார்த்தா கறுப்புப் புள்ளிகள் இருக்கா? அது சென்சார் மேல தூசு. தூசு பரவாயில்ல, சுத்தம் பண்ணிடலாம். கீறல்னா வேணவே வேணாம். லென்ஸை மூடிக்கிட்டு 30 விநாடி ஒரு படம். இருட்டுல சிவப்பும் பச்சையுமா மின்மினி மாதிரி ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா சகஜம், திருவிழா மாதிரி தெரிஞ்சா நழுவுங்க.

ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குங்கறது பைக்குக் கிலோமீட்டர் மாதிரி. நிக்கான்ல அந்த எண்ணிக்கை ஒவ்வொரு படத்தோட கோப்புக்குள்ளேயும் பதிஞ்சிருக்கும், லேப்டாப்புல படிச்சிடலாம். கேனான்ல பெரும்பாலும் படத்தோட வராது, அதுக்குன்னு இருக்கிற மென்பொருள் வேணும். ஆரம்பநிலை பாடிங்களுக்கு ஒரு லட்சம் தடவைன்னு கணக்கு சொல்வாங்க. 80 ஆயிரம் தாண்டினதுன்னா விலையிலே அடிச்சுப் பேசுங்க. அப்புறம் பில். பாடிக்குக் கீழே இருக்கிற சீரியல் நம்பரும் பில்லுல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. யார்கிட்ட இருந்தோ பறிச்ச கேமரா நம்ம கழுத்துல தொங்க வேணாம்.

ஒரு கண்ணிவெடி இருக்கு, கவனம். நிக்கானோட டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ‘50 எம்.எம். லென்ஸ், சீப்பா தர்றேன்’னு ஒருத்தர் நீட்டற பழைய ‘டி’ வகை லென்ஸை இதுல மாட்டினா, கையாலதான் ஃபோகஸ் திருப்பணும். ‘ஏ.எஃப்.-எஸ்.’னு எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க. கேனான்ல ஈ.எஃப். லென்ஸ் எல்லாத்துக்கும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கறதால இந்தத் தலைவலி இல்ல. நாளைக்கே வேலைக்குப் போய் மிரர்லெஸ் வாங்கினாலும் ஒரு அடாப்டர் போட்டு இந்த லென்ஸ்களை ஓட்டலாம். அதனால பாடியில மிச்சம் பிடிங்க, லென்ஸுல போடுங்க. கூட வர்ற 18-55 கையிலே இருக்கட்டும். முதல்ல சேர்க்க வேண்டியது 35 இல்லாட்டி 50 எம்.எம்., எஃப் 1.8. பை, ட்ரைபாட், கலர் கலரா ஃபில்டர்... அதெல்லாம் அப்புறம் பாஸ்.

‘இந்தப் பழசை வெச்சுக்கிட்டா?’ன்னு யாராவது கிண்டல் பண்ணினா மா. கிருஷ்ணனைப் பத்திச் சொல்லுங்க. 1912-ல பிறந்து 1996 வரைக்கும் வாழ்ந்த நம்ம சென்னைக்காரர், எழுத்தாளர் அ. மாதவையாவோட மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில எடுத்தவர். 1970-ல பத்மஸ்ரீ வாங்கினவர். அவர் கேமரா எந்தக் கடையிலேயும் கிடைக்காது. ஒரு கம்பெனி பாடி, இன்னொரு கம்பெனி லென்ஸ்னு அவரே ஒட்டவெச்சு உருவாக்கினது. அதுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பேர் வேற வெச்சிருந்தார்! மெக்கானிக்கல் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

சரி, வாங்கியாச்சு. கத்துக்கறது எங்கே? ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டி வொர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி, சட்டைப் பாக்கெட்ல இருக்கிற ரயில் பாஸை எடுங்க. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லயே மின்சார ரயில் விட்ட ஊர் இது. அந்த லைனை ஒட்டியே முழு சிலபஸும் இருக்கு.

முதல் பாடம் ஷட்டர் ஸ்பீட். இடம்: ஜி.எஸ்.டி. ரோடு. வீட்டுப் பக்கத்துல எந்த பஸ் ஸ்டாப்பும் ஓகே, ஆனா நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. எம்.டி.சி. பஸ் வரும்போது 1/1000-ல வச்சு அடிங்க. நடு ரோட்டுல நிறுத்திவச்ச மாதிரி உறைஞ்சு நிக்கும். அடுத்த பஸ்ஸுக்கு 1/30 வச்சு, பஸ் போற வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கிட்டே பட்டனை அழுத்துங்க. பஸ் தெளிவா இருக்கும், பின்னால கடையெல்லாம் கோடு கோடா ஓடும். பத்துக்கு ஒண்ணுதான் தேறும். அந்த ஒண்ணைப் பார்த்ததும் வர்ற சந்தோஷம் இருக்கே... அரியர் கிளியர் ஆன மாதிரி! ரயிலை வச்சு இதைப் பண்ண ஆசை வரும். பிளாட்பாரத்துல போலீஸ்காரர் வேணாம்னா வாதாடாதீங்க. தண்டவாளத்துல இறங்கற வேலை மட்டும் என்னைக்கும் கூடாது.

ரெண்டாவது பாடத்துக்கு வண்டலூர் ஸ்டேஷன்ல இறங்குங்க. 1855-ல மெட்ராஸ் நகரத்துக்குள்ளே ஆரம்பிச்சு, 1985-ல இங்கே குடிவந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 602 ஹெக்டேர். செவ்வாய்க்கிழமை லீவு, கேமராவுக்குத் தனி டிக்கெட். அப்பர்ச்சர்னா என்னன்னு எந்த வாத்தியாரும் இங்கே இருக்கிற கம்பி வலை மாதிரி சொல்லித் தர மாட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்னு, வலைக்கு எவ்வளவு பக்கத்துல போக விடறாங்களோ அவ்வளவு பக்கம் போய், உள்ளே பறவை தள்ளி உட்கார்ந்திருக்கிற நேரமாப் பாருங்க. எஃப் 16-ல எடுத்தா ஜெயில் கைதி மாதிரி வலைக்குப் பின்னால பறவை. அப்பர்ச்சரை எவ்வளவு திறக்க முடியுமோ திறந்து, 55 எம்.எம். வரைக்கும் ஜூம் பண்ணி எடுங்க. வலை மங்கலாகிக் கரைஞ்சு, பாதி காணாமலே போயிருக்கும். எண்ணைக் குறைச்சா ஓட்டை பெரிசாகும், தெளிவா தெரியற ஆழம் சின்னதாகும். புக்குல நாலு பக்கம் படிச்சும் புரியாதது அஞ்சு நிமிஷத்துல புரியும்.

மூணாவது கொஞ்சம் கஷ்டமான பேப்பர். தாம்பரத்துல வேளச்சேரி பஸ் ஏறி, மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணை. 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம். ஒரு பக்கம் குப்பை மலை, இன்னொரு பக்கம் ஐ.டி. கட்டடம், நடுவுல கூழைக்கடாவும் நாரையும் சில சீசன்ல பூநாரையும். சதுப்பு நிலம் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கு. அதனால சாயங்காலம் வேளச்சேரி - தாம்பரம் ரோட்டுப் பக்கம் நின்னா சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால, பறவை மேல முழு வெளிச்சம். இங்கே கேமரா உங்களை ஏமாத்தும். கறுத்த தண்ணிக்கு நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு நின்னா, கேமரா கறுப்பைப் பார்த்துட்டு ‘ஐயோ இருட்டு’ன்னு வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு, சிறகே தெரியாம சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் ஒண்ணுக்குத் தள்ளுங்க, இறகு ஒவ்வொண்ணும் திரும்பி வரும். 18-55-ல பறவை கொசு சைஸ்லதான் விழும், வருத்தப்படாதீங்க. பறவையைச் சின்னதா வச்சு, பின்னால அந்தக் குப்பை மலையையும் கட்டடத்தையும் சேர்த்து எடுங்க. என்னைக் கேட்டா, பள்ளிக்கரணையில எடுக்க வேண்டிய படமே அதுதான். பூநாரை மூக்கை மட்டும் பெரிசா எடுத்த படம் எந்த ஊர்லயும் கிடைக்கும்.

மனுஷங்களை எடுக்கணுமா? வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ஊர். பழசைத் தேடறவங்களுக்கு இன்னைக்கும் இதுதான் ஊர்! ஃபேன் மோட்டார், கட்டில் கால், செடி, புறா, எப்பவாவது ஒரு பழைய ஃபிலிம் கேமரா... எல்லாம் தரையில விரிச்சிருக்கும். டி.எஸ்.எல்.ஆரை மட்டும் இங்கே வாங்காதீங்க, பில் கேட்டா சிரிப்பாங்க. 50 எம்.எம். மாட்டிக்கிட்டு சும்மா சுத்துங்க. நீல தார்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவங்க முகமெல்லாம் படத்துல நீலமா விழும். ஒயிட் பேலன்ஸ்னா என்ன, ‘ரா’ ஃபைல்ல எடுத்தா ஏன் அப்புறமா சரி பண்ண முடியும்னு அங்கேதான் தெரியவரும். ஆனா கேட்டுட்டு எடுங்க. ‘அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?’ - அவ்வளவுதான். வேணாம்னா சிரிச்சுட்டு நகருங்க. சரின்னா, அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்க. அதுக்கப்புறம் அந்த வரிசையில ‘தம்பி, என்னை எடுக்கலையா?’ன்னு அவங்களே கூப்பிடுவாங்க. என்கிட்ட நல்லா வந்த முகங்கள் எல்லாமே ரெண்டாவது வாரம் எடுத்ததுதான்.

திருப்பக் கூடாத திசையும் நம்ம ஏரியாவுல நிறைய இருக்கு. தாம்பரத்துல விமானப்படைத் தளம், பரங்கிமலையில ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம், பல்லாவரத்துல கன்டோன்மென்ட், நடுவுல ஏர்போர்ட். தாழப் பறக்கிற விமானத்தைப் பார்த்தா கை பரபரங்கும். ‘புகைப்படம் எடுக்கத் தடை’ போர்டு தெரிஞ்சா கேமரா பைக்குள்ளே போயிடணும். ‘ஸ்டூடன்ட் சார்’ங்கற டயலாக் அங்கே செல்லாது.

எம்.சி.சி. நண்பர்களுக்கு மட்டும் இவ்வளவு அலைச்சல் தேவையில்ல. 1937-ல தாம்பரத்துக்கு வந்த அந்தக் காலேஜோட 365 ஏக்கர் காடு வாசல்லேயே இருக்கு. கொடுத்து வெச்சவங்க! மத்தவங்க அனுமதி கேட்டுட்டுத்தான் உள்ளே போகணும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை பாக்கி. கேமராவை அதோட பைக்குள்ளேயே போட்டு மூடி பீரோவுல தள்ளாதீங்க. ஃபங்கஸ் வளர அதைவிட சொகுசான இடம் இல்ல. காத்துப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ளே ரெண்டு மூணு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர். முள் 40-லிருந்து 50-க்குள்ளே நின்னா போதும். ஜெல் நிறம் மாறினா வறுத்துட்டுத் திரும்பப் போடலாம். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியிலதான் வறுக்கணும். டப்பா அடுக்களையில இருக்கிறதே சரியா இருக்கும், முறுக்கு போட்டு வைக்கிற பெரிய டப்பா. அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க.