ஆறு டாலர் ஆட்டக்காரரும் பவர் ரேட்டிங் கணக்கும்

1955-ம் வருடம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஓர் இளைஞர் பகலெல்லாம் கட்டுமான இடத்தில் பைல் அடிக்கும் வேலை பார்த்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற பெரிய அணி அவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பயிற்சி ஆட்டத்தில்கூட இறக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கல்யாணமானவர், குடும்பத்தைப் பார்த்தாக வேண்டும். ஆனாலும் ஆட்டத்தை விட மனமில்லை. புளூம்ஃபீல்ட் ராம்ஸ் என்ற பேட்டை அணியில் சேர்ந்தார். ஓர் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலி. அவர் பெயர் ஜானி யுனிடாஸ்.

இதைத்தான் அங்கே செமி புரொஃபஷனல் ஃபுட்பால் என்கிறார்கள். நம்ம ஊர் கால்பந்து அல்ல. ஹெல்மெட் மாட்டி, முட்டி மோதி, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ‘செமி’ என்பதுகூடக் கொஞ்சம் பெருமைக்குத்தான். இன்று இப்படி ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளமே கிடையாது. கைக்காசு போட்டு ஆடுகிறார்கள். வாரமெல்லாம் லாரி ஓட்டி, கிடங்கில் மூட்டை தூக்கி, சனிக்கிழமை வந்தால் மைதானம்.

இப்படி ஊருக்கு ஊர் அணிகள். எது பலமான அணி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எட்டு ஆட்டத்திலும் ஜெயித்த அணிதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் 95 மார்க் வாங்கியவரையும், கேள்வித்தாள் கடினமான இன்னொரு பள்ளிக்கூடத்தில் 75 வாங்கியவரையும் அப்படியே ஒப்பிட முடியுமா? அதற்காக வந்ததுதான் பவர் ரேட்டிங்.

கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். சராசரி அணிக்கு 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது அல்லது தோற்றது என்று பார்க்க வேண்டும். அதோடு, எதிர்த்து ஆடிய அணிகளின் ரேட்டிங் சராசரியைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். முதல் அணி ஆட்டத்துக்கு 10 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறது. ஆனால் எதிரிகளின் சராசரி -6. ரேட்டிங் 4. இரண்டாவது அணி சராசரியாக 1 புள்ளியில் தோற்கிறது, எதிரிகளோ +8. ரேட்டிங் 7. தோற்றுக்கொண்டிருக்கும் அணிதான் மேலே! பொதுவான மைதானத்தில் இருவரும் மோதினால் அதுவே 3 புள்ளியில் ஜெயிக்கும் என்பது கணிப்பு. முதல் அணியின் சொந்த மைதானம் என்றால், அதற்காக 3 புள்ளி சேர்ப்பது பழைய வழக்கம். அப்போது சரிக்குச் சரி.

எதிரியின் ரேட்டிங் எங்கிருந்து வந்தது? அதன் எதிரிகளிடமிருந்து. அவர்களுடையது? இது முடியாத வட்டம். அதனால் எல்லாருக்கும் 0 கொடுத்துத் தொடங்கி, எண்கள் அசையாமல் நிற்கும்வரை கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதற்கு ஆள் இருந்தார்கள். 1926-ல் இல்லினாய் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன் கல்லூரி அணிகளுக்கு ஒரு முறை கொண்டுவந்தார். நோட்ர டாம் கோச் நூட் ராக்னி, அதை 1924-லிருந்தே கணக்கிடச் சொல்லி, தன் அணியைச் சாம்பியன் ஆக்கிக்கொண்டார். எண் பொய் சொல்லாது என்பார்கள். எந்த வருடத்திலிருந்து எண்ணுவது என்பதை மனிதர்தானே சொல்கிறார்!

செமி புரொ ஆட்டங்களில் இந்தக் கணக்கு திணறும். பலவீனமான அணியை 70-0 என்று நசுக்கி ரேட்டிங்கை ஏற்றிக்கொள்ளலாம். அதனால் பல கணக்கர்கள் ஓர் அளவுக்கு மேல் வித்தியாசத்தை எண்ணுவதில்லை. எதிரணி வராமலே கிடைத்த வெற்றியைச் சேர்ப்பதும் நியாயமில்லை. நைட் ஷிஃப்ட் காரணமாக முக்கியமான ஆட்டக்காரர் வராத வாரம் எந்த அட்டவணையிலும் தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு லீகும் தனித் தீவு. இரண்டு தீவு அணிகள் ஒன்றோடொன்று மோதாதவரை அவற்றை ஒப்பிட வழியே இல்லை. அப்படி எப்போதாவது நடக்கும் ஒரே ஆட்டம்தான் பாலம்; அன்று மழை பெய்து பந்து வழுக்கினால் இரண்டு லீகின் கணக்கும் சாயும்.

ஆனாலும் அணிகள் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கின்றன. டிவி இல்லை, பேப்பரில் செய்தி இல்லை. தாங்கள் ஆடினோம் என்பதற்கு வெளியாள் ஒருவர் எழுதிவைத்த சாட்சி அது. ஆனால் அணியைத்தான் அளக்கும், ஆளை அல்ல. 1991-ல் கல்லூரி ஆட்டமே ஆடாத எரிக் ஸ்வானை, மாசச்சூசெட்ஸின் பே ஸ்டேட் டைட்டன்ஸ் என்ற செமி புரொ அணியிலிருந்து ஃபீனிக்ஸ் கார்டினல்ஸ் ஆறாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அணி ரேட்டிங்கைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.

யுனிடாஸுக்கு 1956-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியிலிருந்து அழைப்பு வந்தது. 1958 டிசம்பர் 28-ல் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் சொந்த மைதானமான யாங்கி ஸ்டேடியத்தில், ஓவர்டைம் வரை போய் 23-17 என்று கோல்ட்ஸ் ஜெயித்தது. வித்தியாசம் 6 புள்ளி. எதிரியின் மைதானம் என்பதால் ரேட்டிங் கணக்கில் அது 9.