நேரத்துக்காக மட்டும் சண்டை போடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் புலம்பியதை அம்மா ஒன்றுவிடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டாள். "கோள் தேடுகிற கருவிக்கு மென்பொருள் எழுத வந்தால், இவர்கள் ஒரு வரிக்காக மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள்" என்றாயாம். சொத்து வரியாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு எதற்கு விஞ்ஞானிகள் என்று என்னையே கேட்டாள். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அது எந்த வரி என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதியான ஹெடரில் படம் எடுத்த நேரத்தைச் சொல்லும் டேட்-ஆப்ஸ்தானே? அது ஷட்டர் திறந்த நேரமா, நடுநேரமா, மூடிய நேரமா என்பதுதான் வழக்கு. ஐ.டி. கம்பெனியிலிருந்து வந்த உனக்கு அது வெறும் டைம்ஸ்டாம்ப். ஃபிட்ஸின் தர விதியிலும் பதில் இருக்கிறது: வேறு விளக்கம் எழுதாதவரை அது தொடக்க நேரம். அப்புறம் என்ன பேச்சு என்றுதான் உனக்குத் தோன்றியிருக்கும்.

கொஞ்சம் பொறுமையாகக் கேள். உங்கள் கருவி நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து, அது நம்மை நோக்கி வரும் வேகத்தையும் விலகும் வேகத்தையும் அளக்கிறது. கோள் இழுக்கும் இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடும். அந்த ஆட்டம்தான் கோள் இருப்பதற்குச் சாட்சி. வியாழன் நம் சூரியனை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமி ஆட்டுவது வெறும் 9 சென்டிமீட்டர். இதை அளக்க நாம் நிற்கும் இடமோ சூரியனை நொடிக்கு 30 கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டு, தன்னைத் தானும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் அசைவைக் கழித்தால்தான் நட்சத்திரத்தின் அசைவு மிஞ்சும். ஒளி எந்தக் கணத்தில் வந்தது என்று தெரியாமல் எதைக் கழிப்பாய்?

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், நட்சத்திரம் உச்சியைக் கடக்கும்போது, பூமியின் சுழற்சியால் மட்டும் அதை நோக்கிய நம் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் மாறுகிறது. உச்சியில் இருக்கும்போதுதான் காற்று குறைவாகக் குறுக்கிடும் என்பதால் முடிந்தவரை அப்போதுதான் படம் எடுப்பார்கள். நேரம் ஒரு நிமிடம் பிசகினால் விடை நொடிக்கு 2 மீட்டர் வரை பிசகும். 9 சென்டிமீட்டரைத் தேடிக்கொண்டு போனவன் கதி என்ன ஆகும் என்று யோசி.

இதில் மேகம் வேறு. 15 நிமிட எக்ஸ்போஷரில் கடைசி ஐந்து நிமிடம் மேகம் மூடிக்கொண்டது என்று வை. கடிகாரப்படி நடுநேரம் ஏழரை நிமிடம்; ஆனால் ஒளி முழுக்க முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிட்டது, அதன் நடுநேரம் ஐந்து. இதற்காகத்தான் இத்தகைய கருவிகளில் எக்ஸ்போஷர் மீட்டர் வைத்து, எந்த நொடியில் எவ்வளவு ஒளி வந்தது என்று கணக்கெடுக்கிறார்கள். ஆகவே தொடக்க நேரம் ஒரு வரி, எக்ஸ்போஷர் நீளம் ஒரு வரி, ஒளியின் எடைபோட்ட நடுநேரம் இன்னொரு வரி. நான்காவதாக, எந்தக் கடிகாரம் என்று சொல்லும் வரி. உலகப் பொது நேரமான யுடிசிக்கும், கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடப் பயன்படும் டிடிபிக்கும் இடையே 2017 முதல் 69 நொடிக்குச் சற்று மேல் வித்தியாசம். ஒன்றை மற்றொன்றாக நினைத்துப் படித்தால் அங்கேயே 2 மீட்டர் போச்சு. உன் குழுவினர் வீண்சண்டை போடவில்லை என்பது என் கட்சி.

மற்ற வரிகளுக்கு இதே உக்கிரம் வேண்டாம். அதைச் சொல்லத்தான் ஃபிட்ஸின் பழங்கதையை இழுக்கிறேன்.

1970களில் ஒவ்வொரு ஆய்வகமும் தன் காந்த நாடாவைத் தன் இஷ்டத்துக்கு எழுதியது. அரிசோனா கிட் பீக்கில் எடுத்த படத்தையும் நியூ மெக்சிகோவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கி எடுத்த படத்தையும் ஒப்பிட வேண்டுமென்றால், யாராவது உட்கார்ந்து மாற்றுவதற்கென்று ஒரு புரோகிராம் எழுத வேண்டும். நெதர்லாந்திலிருந்து நாடா வந்தால் இன்னொன்று. அமெரிக்காவின் டான் வெல்ஸ், எரிக் கிரைசன் ஆகியோரும் நெதர்லாந்துத் தரப்பில் ரான் ஹார்ட்டனும் சேர்ந்து ஒரு பொது வடிவத்தை உண்டாக்கி, 1981இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1982இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது.

கோப்பு 2880 பைட் துண்டுகளாக இருப்பதைப் பார்த்து நீ சிரித்திருப்பாய். ஒரு வரிக்கு 80 எழுத்து, அது பஞ்ச் கார்டின் அகலம்; ஒரு துண்டுக்கு 36 வரி. ஆனால் 2880 பைட் என்பது 23,040 பிட். அன்றைய கணினிகளின் வேர்ட் சைஸ் ஒன்றுக்கொன்று ஒத்துவராது: 16, 24, 32, 36, 60 பிட் என்று ஆளுக்கொன்று. 23,040 இவை அத்தனையாலும் மீதியில்லாமல் வகுபடும். எந்த ஆய்வகத்தின் கணினியையும் அவர்கள் கழித்துக்கட்டவில்லை. எனக்கு அந்த எண்ணின்மேல் தனி மரியாதை உண்டு.

கட்டாயமென்று அவர்கள் கேட்டது மிகக் கொஞ்சம்: இது ஃபிட்ஸ்தானா, ஒரு எண்ணுக்கு எத்தனை பிட், எத்தனை அச்சு, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், ஹெடர் எங்கே முடிகிறது. மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். கூடவே இன்னொரு கொள்கை: ஒருமுறை செல்லுபடியான கோப்பை எந்தத் திருத்தமும் பின்னால் செல்லாததாக்கக் கூடாது. வத்திக்கான் நூலகம் தன் பழைய கையெழுத்துப் பிரதிகளை டிஜிட்டலாக்கியபோது இந்த வடிவத்தைத் தேர்ந்ததற்கு இந்தப் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம்.

குறைகளும் உண்டு. முதலில் ஆண்டுக்கு இரண்டே இலக்கம்தான் வைத்திருந்தார்கள். 2000 நெருங்கியதும் 1997இல் டேட்-ஆப்ஸை நான்கு இலக்கத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வரியின் பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை. சிலியில் வி.எல்.டி. தொலைநோக்கியை நடத்தும் ஐரோப்பியத் தென் ஆய்வகம் அதனால் நீண்ட பெயர்களுக்குத் தனி வழக்கம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கோப்பு வெளியே ஃபிட்ஸ், உள்ளே ஒரு பகுதி ஆஸ்டிஃப் என்ற வேறு வடிவம். ஃபிட்ஸுக்கு வயதாகிவிட்டது என்று உன் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்காக நீங்கள் இன்னொன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

உங்கள் வரைவில் இப்போது எத்தனை வரி? கல்யாண வீட்டு மளிகை லிஸ்ட் மாதிரி ஆளாளுக்கு ஒன்று சேர்த்திருப்பார்கள். சேர்க்கட்டும். பெயர் எப்படி இருக்க வேண்டும், பெரிய எழுத்தா, அடிக்கோடா என்பதிலெல்லாம் நீ விட்டுக்கொடு. அலகில் மட்டும் விடாதே. நட்சத்திரத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் வல ஏற்றம் 5.5 என்று இருந்தால் அது மணியா, பாகையா? ஒன்றுக்கொன்று 15 மடங்கு. இன்னொன்று, அளவு கிடைக்காத இடத்தில் 0 போடாதே, வரியையே விட்டுவிடு. டிடெக்டர் அறையின் வெப்பநிலை 0 என்று இருந்தால் அது குளிரா, சென்சார் கோளாறா என்று பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? மனிதர் கையால் தட்டச்சு செய்யும் வரிகளையும் முடிந்தவரை குறைத்துவிடு. விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் நட்சத்திரத்தின் பெயர் கேட்கும் இடத்தில் 'டெஸ்ட்' என்றுதான் அடிப்பார்.

பத்து வருஷம் என்று சும்மா சொல்லவில்லை. நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான ப்ராக்ஸிமா செண்டாரியைச் சுற்றும் கோளை 2016இல் அறிவித்தபோது, அந்த ஆண்டு எடுத்த அளவீடுகளோடு யூ.வி.இ.எஸ்., ஹார்ப்ஸ் கருவிகள் முந்தைய ஆண்டுகளில் எடுத்த ஸ்பெக்ட்ரங்களையும் சேர்த்துத்தான் கணக்கிட்டார்கள். பழைய கோப்புகளின் நேரத்தை நம்ப முடியாமல் போயிருந்தால் அவற்றைச் சேர்த்திருக்க வழியில்லை.

இன்னும் பழைய கதை ஒன்று: கொடைக்கானல் என்றால் உனக்கு ஏரியும் படகும். அங்கே மலைமேல் இருக்கும் ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். கால்சியம் ஒளியில் எடுத்தவையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. அந்தக் கண்ணாடித் தட்டுகளையும் ஃபிலிம்களையும் இப்போது டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். நாம் பார்க்கும் கோணத்தில் சூரியனின் வட துருவம் ஆண்டு முழுதும் 26 பாகை வரை இடமும் வலமும் சாயும். தட்டில் நேரமோ திசைக்குறியோ தவறென்றால், கரும்புள்ளி சூரியனின் எந்த அட்சரேகையில் இருந்தது என்பதே மாறிவிடும். அந்தப் படங்களை நிமிர்த்தி வைப்பதற்கே ஆய்வாளர்கள் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. அன்று ஹெடர் கிடையாது, தட்டின் ஓரம்தான் ஹெடர்.

கருவியை ஓட்டும் மென்பொருளில் உனக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, அதில் உன் கைதான் தேர்ந்த கை. எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கித் திட்டம் தேர்ந்த டாங்கோ என்ற கட்டுப்பாட்டு மென்பொருள், பிரான்சின் கிரெனோபிள் சின்க்ரோட்ரானில் பிறந்தது. ஜெமினி, கெக் தொலைநோக்கிகள் பயன்படுத்தும் எபிக்ஸ் துகள் முடுக்கிகளுக்காக எழுதப்பட்டது. வானியலாளர்கள் வெட்கப்படாமல் கடன் வாங்கியிருக்கிறார்கள். நீயும் வாங்கு.

இனி செய்ய வேண்டியது ஒன்று. டிடெக்டர் வந்து சேரும் முன்பே ஒரு போலிக் கோப்பு தயார் செய். படத்தில் வெறும் இரைச்சல் இருந்தால் போதும், ஹெடர் மட்டும் முழுமையாக இருக்கட்டும்: நேரங்கள், எந்தக் கடிகாரம், தொலைநோக்கி நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நட்சத்திரத்தின் இருப்பிடம், எல்லாவற்றுக்கும் அலகு. அதை உங்கள் கருவியைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து, பூமியின் அசைவைக் கழித்துக் காட்டச் சொல். அவர் உனக்குப் போன் செய்து ஒரு கேள்வி கேட்டாலும் உங்கள் தர விதி இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

அந்த ஒருவராக நானே இருக்கிறேன். உன் கருவியை நான் பார்த்ததில்லை, பார்த்தாலும் புரியாது. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் கோப்பை அனுப்பிவிடு. கூட ஒரு விளக்கக் கடிதமும் எழுதாதே.

அன்புடன்,
அக்கா